முதலில் எர்த், அப்புறம் கிராபிக்ஸ் கார்டு

ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. மேலே 1,500 மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ந்து கிடக்கும். இங்கே கீழே சித்திரை வெயில் 40 டிகிரியை நெருங்கி நிற்கும். யூடியூபில் வரும் கம்ப்யூட்டர் சோதனைகளோ பெரும்பாலும் 22 டிகிரியை ஒட்டிய ஏசி அறையில் எடுத்தவை. அறையின் சூடு ஒரு டிகிரி ஏறினால், பெட்டிக்குள் இருக்கும் பாகங்களின் சூடும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அங்கே 75 காட்டும் பிராசஸர், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள நம் அறையில் 90-ஐ ஒட்டி ஓடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பாகங்களைத் தேர்வு செய்வதை இங்கே வேறு முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொறியியல் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இந்தக் கோடையில் ஒரு கேமிங் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தோம். மானிட்டர் நீங்கலாக ஒரு லட்சத்தை ஒட்டிய பட்ஜெட். "அண்ணா, கிராபிக்ஸ் கார்டு 5060 போடலாமுங்களா, 9060 எக்ஸ்டி போடலாமுங்களா?" என்று கேட்டான். "அதிருக்கட்டும், உன் ரூம்ல எர்த் இருக்குதா?" என்றேன். மூன்று முனை பிளக் பாயிண்ட் இருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் எர்த் முனையில் ஒன்றுமே இல்லை. பழைய வீடுகளில் இது சாதாரணம்.

எர்த் ஏன் இவ்வளவு முக்கியம்? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறிய கெப்பாசிட்டர்கள், லைனையும் நியூட்ரலையும் கேபினட்டின் இரும்பு உடம்போடு இணைக்கின்றன. அவற்றின் வழியே கசியும் மின்சாரத்தை எர்த்தான் மண்ணுக்கு இறக்க வேண்டும். எர்த் இல்லையென்றால் பெட்டி முழுவதும் மெயின் வோல்டேஜில் பாதி, அதாவது 115 வோல்ட்டை ஒட்டி, மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகச் சிறியதுதான். ஆனாலும் வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கும். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும் நேரத்தில் போர்ட் போகவும் வாய்ப்புண்டு. "கேபினட் ஷாக்கடிக்குதுங்க" என்று வருகிற புகார்களில் பலவற்றில் கம்ப்யூட்டர் மேல் குற்றமே இருக்காது. லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டும் காட்டினால் நல்லது. மலையடிவாரப் பாறை மண் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் பலவீனமாகும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை விடக் கூடாது. எர்த்தைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனுக்கு ஆன செலவையும் பட்ஜெட்டிலேயே சேர்த்தோம்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். எங்கள் பிராசஸர் உச்சத்தில் 88 வாட் வரை இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு 160 வாட். போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தாலும் 330 வாட்டைத் தாண்டுவது அரிது. நல்ல 550 வாட் தாராளம். அட்டைப்பெட்டியில் "750" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மலிவுச் சரக்கைவிட, 80 பிளஸ் சான்றும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் உள்ளீடும் கொண்ட 550 வாட்டையே எடுங்கள். சாயங்காலம் அக்கம்பக்கத்தில் மோட்டார் போட்டதும் வோல்டேஜ் இறங்கும்போது, 200-க்குக் கீழே போனால் படுத்துவிடுகிற எஸ்எம்பிஎஸ் இங்கே உதவாது.

யுபிஎஸ் விஷயத்தில் ஒரு கணக்கு. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ்களில் பல 360 வாட்தான் தாங்கும். விளையாடும் நடுவில் கரண்ட் போனால் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து அதை ஓவர்லோடில் தள்ளிவிடும். 1,000 விஏவுக்குக் குறையாமல் எடுக்கலாம். வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் அதையே யுபிஎஸ் மோடில் வைத்துப் பார்க்கலாம். எங்களுக்கு அது போதுமாக இருந்தது, ரீஸ்டார்ட் ஆகவில்லை.

கேபினட்டில் இப்போதைய மோகம் முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடி. பார்க்க அழகுதான், மறுக்க மாட்டேன். ஆனால் 36 டிகிரி அறையில் எனக்கு வேண்டியது முகப்பில் வலை. முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளும் அமைப்பை வைத்தோம். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடக் கூடுதலாக இருப்பதால், தூசி இடுக்குகள் வழியே நுழையாமல் ஃபில்டரிலேயே நிற்கிறது. மாதம் ஒருமுறை அதைக் கழற்றித் தட்ட வேண்டும்.

பிராசஸர் ரைசன் 5 7600. 2023 ஜனவரியில் வந்தது; 6 கோர். பெட்டியோடு வரும் சிறிய கூலரிலேயே முதலில் ஓட்டிப் பார்த்தோம். இரைச்சல் காதைத் துளைத்தது, சூடு 90-ஐ உரசியது. இந்த வரிசை பிராசஸர்களுக்கு 95 டிகிரி வரை அனுமதி உண்டு என்பதால் ஆபத்தில்லை. ஆனால் மே மாதப் பகலில் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு டவர் கூலர் மாட்டியதும் அதே ஆட்டத்தில் சூடு 70களுக்கு இறங்கியது. மொத்தத் தொகையில் கையில் உடனே தெரிந்த பலன் இதற்குத்தான். பி650 போர்டு எடுத்தால் ஏஎம்5 சாக்கெட்டில் பிற்பாடு பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முதல்முறை ஆன் செய்யும்போது மெமரியைப் பழக்கிக்கொள்ள இந்தப் போர்டுகள் சில நிமிடம் கறுப்புத் திரையிலேயே நிற்கும். பதறி ஸ்விட்சை அணைக்க வேண்டாம்.

இனி தம்பியின் கேள்விக்கு வரலாம். ஆர்டிஎக்ஸ் 5060-இல் 8 ஜிபி மெமரிதான். வாலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 மட்டும் ஆடுவோருக்கு அது மிச்சம். 2024 கடைசியில் வந்த இண்டியானா ஜோன்ஸ் போன்ற ஆட்டங்களில் டெக்ஸ்சரை உயர்த்தினால் 8 ஜிபி நிரம்பி ஆட்டம் திக்கும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி மாடல் நாலைந்து வருடம் இழுத்துப் போகும் என்பது என் கணிப்பு. அதையே வாங்கினோம். அந்தப் பெயரிலேயே 8 ஜிபி மாடலும் விற்கிறது, பில் போடும் முன் அட்டையைப் பாருங்கள். பில்லில் சீரியல் நம்பரும் ஏற வேண்டும். மூன்று வருட வாரண்டிக்கு அதுதான் பிடி. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் பிரேமையும் 144-க்குள் கட்டிவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாத பிரேமுக்காகக் கார்டு சூடேறாது. தினம் மூன்று மணி நேரம், 300 வாட் என்று கணக்கிட்டால் இரண்டு மாத கரண்ட் பில்லில் 54 யூனிட் ஏறும்.

எஸ்எஸ்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம்: 1 டிபி, ஜென்4.

கையைக் கடிப்பது ரேம்தான். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கையும் தாண்டியது. அந்த டிசம்பரில் மைக்ரான், குரூஷியல் பெயரில் நம் போன்றோருக்கு விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. பட்ஜெட் இடித்தால் 8 ஜிபி இரண்டு வாங்கி, இரண்டே ஸ்லாட் உள்ள போர்டை அடைத்துவிடாதீர்கள். டிடிஆர்5 16 ஜிபி ஒன்று போட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடலாம். இரண்டாவது வரும்வரை சில ஆட்டங்களில் பிரேம் குறையும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம். பயாஸில் எக்ஸ்போவை ஆன் செய்ய மறக்க வேண்டாம்; செய்யாவிட்டால் 6000 என்று விலை கொடுத்து வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.