கேட்கத் தெரிந்த முகம்

ஜூலை 21 சிவாஜி கணேசனின் நினைவு நாள். அன்றைக்குத் தொலைக்காட்சியைத் திருப்பினால் பெரும்பாலும் ஏதாவது ஒரு சேனலில் 'திருவிளையாடல்' அல்லது 'தில்லானா மோகனாம்பாள்' ஓடும். மறுநாளும் ஒரு நினைவு நாள்தான். 1972ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று டி. எஸ். பாலையா மறைந்தார். முந்தின நாள் ஓடிய அதே படங்களில் சிவாஜிக்கு எதிரிலும் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தவர் அவர். ஆனாலும் அவருடைய நாள் சத்தமில்லாமல் வந்து போய்விடுகிறது.

நினைவு நாள் என்றால் படப் பட்டியல் போடுவது வழக்கம். பாலையாவுக்கும் போடலாம், நீளமாகவே வரும். 1914இல் நெல்லைச் சீமையில் பிறந்தவர். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' (1936) அவருக்கு முதல் படம், எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். அடுத்த வருஷமே 'அம்பிகாபதி'யில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராக வாளெடுத்தார். 'வேலைக்காரி'யில் (1949) கதாநாயகனுக்குப் புத்தி சொல்லும் நண்பன், 'தூக்குத் தூக்கி'யில் (1954) கொச்சைத் தமிழ் பேசும் சேட்டு, 'மதுரை வீர'னில் (1956) நரசப்பன். பல வருஷம் வில்லத்தனத்தையும் குழைந்து பேசும் வஞ்சகத்தையும் செய்து காட்டிவிட்டு, பிற்காலத்தில் நகைச்சுவைக்கும் குணச்சித்திரத்துக்கும் திரும்பியவர்.

பட்டியல் இத்தோடு போதும். பாலையாவின் அருமை பட்டியலில் பிடிபடுகிற சங்கதி அல்ல. அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் யார் வாயிலும் முதலில் வருவது மூன்று படங்கள்: 'காதலிக்க நேரமில்லை' (1964), 'திருவிளையாடல்' (1965), 'தில்லானா மோகனாம்பாள்' (1968). இந்த மூன்றிலும் அவர் உச்சத்துக்குப் போகிற இடங்களை எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் அவர் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்றில் கதை கேட்கிறார், ஒன்றில் பாட்டுக் கேட்கிறார், இன்னொன்றில் ஒரு பெண் பாட்டுக்குள் ஒளித்து வைத்துக் கேட்கும் கேள்வியைக் கேட்கிறார். மூன்றும் மூன்று விதமான கேட்டல்.

முதலில் அந்தக் கதை. ஸ்ரீதர் இயக்கி, சித்ராலயா கோபுவின் நகைச்சுவையோடு வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையா சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். பணத்தைத் தவிர வேறெதையும் மதிக்காதவர். அவருடைய மகன் செல்லப்பா, அதாவது நாகேஷ், 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று படக் கம்பெனி ஆரம்பித்துவிட்டு அப்பாவிடம் பணம் பெயர்க்கப் பார்க்கிறான். என்ன கதைடா எடுக்கப்போகிறாய் என்று கேட்கப்போக, பையன் ஒரு திகில் கதையை அவிழ்த்துவிடுகிறான். இருட்டு, கதவுச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாவற்றுக்கும் நாகேஷின் வாய்தான் வாத்தியம்.

நாகேஷ் செய்வது கண்ணுக்குத் தெரிந்த வித்தை. உடம்பை வில்லாக வளைக்கிறார், குரலை எழுப்புகிறார், இறக்குகிறார், விரலை ஆட்டுகிறார். பாலையாவுக்கோ இருக்கும் இடம் ஒரு இருக்கை அளவு, வசனமும் அதிகமில்லை. ஆனாலும் இரண்டாம் முறை பார்க்கிறவர்கள் நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவைத்தான் பார்க்கிறார்கள். காரணம் படிக்கட்டு. பயம் அவர் முகத்தில் ஒரே பாய்ச்சலில் ஏறுவதில்லை. 'இவன் என்ன பெரிசாகச் சொல்லிவிடப் போகிறான்' என்கிற அலட்சியம் முதல் படி. அடுத்தது, சொல்லித் தொலை என்று காது கொடுப்பது. அதற்கடுத்த படியில்தான் கண் மெல்ல அகல ஆரம்பிக்கிறது. பிறகு வாய் தன்னையறியாமல் திறந்துகொள்கிறது. தொண்டை எச்சிலை விழுங்குகிறது. தோள் சுருங்குகிறது. எஸ்டேட்டையே ஆட்டி வைக்கிற முதலாளி, கதை முடிவதற்குள் பாட்டி மடியில் ஒண்டுகிற பையனாக ஆகிவிடுகிறார். எந்தப் படியில் அவர் முதலாளியாக இருப்பதை விட்டார் என்று தேடினால் கிடைக்காது. இழைத்திருக்கும் நேர்த்தி அப்படி.

நம் ஊரில் கதை கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். பாலையா பிறந்த நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டில் இதையே ஒரு வேலையாக வைத்திருக்கிறார்கள்: புலவர் ஒரு அடி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமாம்' போட வேண்டும். அந்த ஆமாமில் சுருதி குறைந்தால் கூட்டம் கலைந்துவிடும். இந்தக் காட்சியில் பாலையா போடுவது அந்த ஆமாம்தான், ஆனால் முகத்தால் போடுகிறார். நாகேஷ் சொல்லும் பேய் பங்களாவை நாம் எங்கேயும் பார்ப்பதில்லை. பாலையாவின் கண்ணில் அது தெரிவதால்தான் அங்கே இருப்பதாக நம்புகிறோம்.

இன்னொரு நயமும் உண்டு. பாலையா சிரிப்புக்காகப் பயப்படுவதில்லை, நிஜமாகவே பயப்படுகிறார். அரை நொடி அவர் பார்வையாளர் பக்கம் கண்ணடித்திருந்தாலும், கொஞ்சம் கூடுதலாக நடுங்கியிருந்தாலும், காட்சி கோமாளித்தனமாகப் போயிருக்கும். பயம் நிஜம் என்பதால் சிரிப்பும் நிஜமாக வருகிறது.

இதே படத்தை ஸ்ரீதரே 1966இல் 'ப்யார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தார். கதை சொல்பவராக மெஹ்மூத், கேட்பவராக ஓம் பிரகாஷ். மெஹ்மூதுக்கு அந்தப் படத்துக்காக நகைச்சுவை நடிப்புக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. விருது என்றால் அது சொல்கிறவருக்குத்தான் போகும். கேட்கிறவருக்கு என்று ஒரு பிரிவை எந்த ஊரிலும் யாரும் வைத்ததில்லை.

இரண்டாவது, பாட்டு. 'திருவிளையாடல்' படத்தில் ஏ.பி. நாகராஜன் எடுத்துக்கொண்ட பகுதிகளில் ஒன்று பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் வருகிற விறகு விற்ற படலம். வடநாட்டு வித்துவான் ஹேமநாத பாகவதர் பாண்டியன் சபைக்கு வந்து, தனக்கு ஈடாகப் பாட ஆளிருக்கிறதா என்று சவால் விடுகிறார். அவருக்கு எதிராகப் பாட வேண்டிய பாணபத்திரரைக் காப்பாற்ற இறைவனே விறகுவெட்டியாக வந்து, ஹேமநாதர் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் பாடிவிட்டுப் போகிறார்.

முதல் பாதியில் பாலையா பாடுகிறார். 'ஒருநாள் போதுமா' பாட்டுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா, வரிகள் கண்ணதாசன், இசை கே.வி. மகாதேவன். மாண்டில் ஆரம்பித்து தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகம் ராகமாக மாறும் பாட்டு. மாண்டுக்குப் பிறகு வரும் ராகங்களின் பேர்களைக் கண்ணதாசன் வரிக்குள்ளேயே செருகி வைத்திருக்கிறார். அந்தக் குரலுக்கு வாயசைப்பதே பெரிய காரியம். பாலையா வாயசைப்போடு நிறுத்தவில்லை. அந்தப் பாட்டுக்கு ஒரு கர்வத்தைக் கொடுத்தார். ஒவ்வொரு சங்கதியையும் சபைக்குப் பிச்சை போடுகிறவர் மாதிரி வீசுகிறார். கை நீளும் தோரணை, நிமிர்ந்த மார்பு, தன் பாட்டுக்குத் தானே தலையாட்டிக்கொள்ளும் சுகம். கவனித்தால் ஒன்று புலப்படும்: ஹேமநாதர் வேறு யாரையும் கேட்பதே இல்லை. தன்னை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர் அவர்.

அதனால்தான் இரவுக் காட்சிக்கு அவ்வளவு வலு. டி.எம். சௌந்தரராஜன் குரலில் 'பாட்டும் நானே' கௌரிமனோகரியில் எழுகிறது. திரையில் சிவாஜி பாடுகிறார். வீணையும் குழலும் மிருதங்கமுமாக ஒருவரே பலராகவும் தோன்றுகிறார். படத்தில் இறைவனின் விளையாட்டு நிரம்பி வழியும் இடம் இது. ஆனால் அந்தப் பாட்டு எவ்வளவு பெரியது என்பதை அளக்க நமக்கு ஒரு கோல் வேண்டும். அந்தக் கோல் பாலையாவின் முகம். பாமரன் 'ஆகா' என்றால் அது பாராட்டு. வித்துவான் வாயடைத்துப் போனால் அது தீர்ப்பு. சங்கீதம் தெரிந்தவனுக்குத்தான் தான் எவ்வளவு தூரம் தோற்றோம் என்பது துல்லியமாகத் தெரியும். இந்த வேதனையைப் பாலையா அழுது காட்டவில்லை. காலையில் சபையில் இருந்த உடம்புதான், ஆனால் உள்ளிருந்து யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டது போல் நிற்கிறார்.

இப்படிப் பாடினவன் யார் என்று விசாரித்தால், பாணபத்திரர் சீடனாகச் சேர்க்கத் தகுதியில்லை என்று தள்ளிய ஆள் என்று பதில் வருகிறது. தள்ளுபடியான சீடனே இப்படி என்றால் குரு எப்படி இருப்பார்! அந்தக் கணக்கை வித்துவானின் மனம் போட்டு முடிக்கிற நேரத்தைப் பாலையா நமக்குக் காட்டுகிறார். இரவோடு இரவாக அவர் ஊரைவிட்டுப் போவது கதை. போயே ஆக வேண்டும் என்று அந்த முகத்தில் முடிவாவது நடிப்பு. கர்வியின் தோல்வியைப் பார்த்து நாம் கைகொட்டிச் சிரிக்க வேண்டிய இடத்தில், ஐயோ பாவம் என்று தோன்ற வைத்தாரே, அதை என்னவென்று சொல்வது!

மூன்றாவது, தவில். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பேரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை 'தில்லானா மோகனாம்பாள்'. அதை ஏ.பி. நாகராஜன் படமாக்கியபோது சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி, மோகனாம்பாளாகப் பத்மினி, தவில்காரர் முத்துராக்காகப் பாலையா. நாகசுர ஒலி மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது.

தவில்காரர் வேலையில் பாதி கேட்பதுதான். நாகசுரம் ராகத்தை இழுத்துக்கொண்டு போகும்போது அவர் காத்திருக்க வேண்டும். எந்த இடத்தில் தான் நுழைய வேண்டும் என்பதை அடுத்தவர் மூச்சை வைத்துக் கணிக்க வேண்டும். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி, காது முழுக்கப் பக்கத்து ஆளிடம். பாலையா இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார். தவிலில் கை விழும்போது பார்ப்பதைவிட, கை சும்மா இருக்கும்போது அவரைப் பாருங்கள். வாசிக்காத நேரத்திலும் கச்சேரியில் இருக்கிறார். முன்கோபக்காரச் சண்முகசுந்தரத்துக்கு அவர் பக்கவாத்தியமும் கடிவாளமுமாக இருப்பது அந்தப் பார்வையிலேயே தெரிகிறது.

'நலந்தானா' பாட்டு இதற்கெல்லாம் சிகரம். காயம் ஆறி மேடைக்குத் திரும்பியிருக்கிற சண்முகசுந்தரத்தை மோகனா நேரில் பார்த்து விசாரிக்க முடியாது, தாயின் காவல். ஊரே கூடியிருக்கிற சபையில் ஆடிக்கொண்டே பாட்டால் விசாரிக்கிறாள். பி. சுசீலாவின் குரல் கேட்கிறது, சிவாஜியின் நாகசுரம் பதில் சொல்கிறது. ஊருக்கு அது கச்சேரி. அவர்கள் இருவருக்கும் அது குசலம் விசாரிப்பு. இந்த இரண்டும் புரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும், அவர்தான் முத்துராக்கு. ஒரு கண் மோகனாவிடம், ஒரு கண் சண்முகத்திடம். அவள் கேட்பதும் தெரிகிறது, இவன் உருகுவதும் தெரிகிறது. பெரியவருக்கு அதைத் தாங்க முடியவில்லை, கண் கலங்குகிறது. ஆனால் கை தாளத்தை விடவில்லை. சபையில் விட முடியாது. விட்டால் ரகசியம் வெளியாகிவிடும். மேலே கண்ணீர், கீழே கணக்கு தவறாத தவில். ஒரே உடம்பில் இரண்டையும் ஓட்டுவதுதான் அந்த நடிப்பின் கடினம்.

இந்தக் காட்சியில் சிவாஜியும் பத்மினியும் எவ்வளவு பெரிய கலைஞர்கள் என்பது நாடறிந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவே நாம் நுழைய ஒரு வாசல் வைத்தவர் பாலையா. காதலர்களின் துயரத்தை நேராகப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். அதை ஒரு பெரிய மனுஷர் உணர்ந்து கலங்குவதைப் பார்க்கும்போது நமக்கும் கலங்க அனுமதி கிடைக்கிறது.

மூன்று காட்சிகளிலும் இயக்குநர்களுக்கு ஒரு சபாஷ் உண்டு. கேட்கிறவரைக் கேமரா மறக்கவில்லை. சொல்கிறவர் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தால் பாலையா செய்தது எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது. நாகேஷ், சிவாஜி, பத்மினி என்று எதிரில் இருந்தவர்களும் லேசுப்பட்டவர்களா? வாய் திறக்காமல் அவர்களுக்குச் சமமாக நிற்க முடிகிற நடிகரை, இடம் ஒதுக்காமல் யாராலும் படமெடுக்க முடிந்திருக்காது.

வேடம் பெரிசா சின்னதா என்று கேட்டால், எத்தனை பக்கம் வசனம் என்று எண்ணிச் சொல்வது சினிமாக்காரர்கள் வழக்கம். பேசுகிற வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற தொழிலாக நடிப்பு இருந்திருந்தால், தன்னுடைய மிகச் சிறந்த இந்தக் காட்சிகளுக்குப் பாலையாவுக்குக் கிடைத்திருக்கக்கூடிய சம்பளம் வெற்றிலை பாக்குக்குக்கூடக் காணாது.