யூதித்: ஒரு பெயரும் ஒரு கைநாட்டும்

யூதித் என்ற எபிரேயப் பெயருக்கு 'யூதப் பெண்' என்பதற்கு மேல் அர்த்தமில்லை. ஆனால் விவிலியத்தில் இப்பெயரை முதலில் தாங்குபவள் யூதப் பெண்ணே அல்ல. ஆதியாகமத்தில் ஏசா மணந்த ஏத்தியப் பெண். புகழ்பெற்ற யூதித்தின் கதையோ கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு. எபிரேய விவிலியத்திலும் புராட்டஸ்டண்டுகளின் வழக்கமான தமிழ் விவிலியத்திலும் கிடையாது. ஹோலோஃபெர்னஸின் தலையை அறுத்த கையோடு அவள் பாடவும் செய்கிறாள். பின்வந்தவர்கள் வாளை எடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவிட்டார்கள். ஆர்ட்டிமீசியா ஜென்டிலெஸ்கி அந்தக் கொலையை இருமுறை தீட்டினாள். ஹெப்பலின் 1840 நாடகத்தில் கொலையின் காரணமே அந்தரங்க அவமானமாகச் சுருங்கிவிடுகிறது.

1929-ல் வர்ஜீனியா வுல்ஃப் ஷேக்ஸ்பியருக்கு ஒரு தங்கையைக் கற்பித்து, யூதித் என்று பெயரிட்டார். அண்ணனுக்கு நிகரான மேதை. நாடகக் கொட்டகை வாசலில் கேலிக்காளாகி, கர்ப்பமுற்று, தற்கொலை செய்துகொள்கிறாள். இதை மேற்கோள் காட்டுகிற விமர்சகர்களில் பலருக்கு, ஷேக்ஸ்பியருக்கு அதே பெயரில் நிஜமாகவே ஒரு மகள் இருந்தது நினைவுக்கு வருவதில்லை.

1585-ல் ஹாம்னெட்டுடன் இரட்டையாகப் பிறந்தவள். அவன் 1596-ல் இறந்தான். 1611-ல் ஒரு பத்திரத்துக்குச் சாட்சியாக அவள் இட்டிருப்பது கையெழுத்தல்ல, வெறும் குறி. வங்கிக் கவுண்டரில் தினமும் கைநாட்டு வாங்குகிற எனக்கு இவ்விடத்தைத் தாண்டிப் போவது சிரமமாயிருக்கிறது. குறியை வைத்தே எழுத்தறியாதவள் என்று தீர்த்துவிட முடியாது. எழுதத் தெரியாமல் படிக்க மட்டும் தெரிந்தவர்கள் அக்காலத்தில் உண்டு. ஆனால் அவள் எழுதியதாக ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை. மூன்று மகன்களும் அவளுக்கு முன்பே போய்விட்டார்கள். அவள் 1662-ல், எழுபத்தேழு வயதில் இறந்தாள். ஸ்ட்ராட்ஃபோர்டின் பாதிரி ஜான் வார்டு, திருமதி குவைனியைப் பார்க்க வேண்டுமென்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அது யூதித்தான் என்று கொள்ளப்படுகிறது. பார்த்ததாகத் தடயமில்லை.

வுல்ஃபின் யூதித்துக்கு மேதைமையும் அகாலச் சாவும் கிடைத்தன. இரண்டும் சேர்ந்தால் இலக்கியம் சுலபமாக அழுதுவிடும். ஸ்ட்ராட்ஃபோர்டின் யூதித் அதற்கு வசதி செய்து தரவில்லை. அவளிடம் மேதைமை இருந்ததா என்று கேட்கக்கூட நமக்கு ஆதாரமில்லை. வுல்ஃபின் வாதத்துக்கு அவர் கற்பனையைவிட அந்தக் குறி வலுவான சாட்சி என்று எனக்குப் படுகிறது. மேதை நசுக்கப்பட்டதால்தான் அநியாயம் என்றால், மேதையல்லாதவளுக்கு எழுத்து மறுக்கப்பட்டது நியாயமாகிவிடுகிறது.