ஒற்றைக் கையின் தாளம்

மேற்கத்தேய இசை பற்றி எழுத இவனுக்கென்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். நான் கிராமத்துப் பாடசாலை ஆசிரியன். கலாசாலையில் பயின்ற அழகியற் பாடத்தோடு என் இசையறிவு முடிந்துவிட்டது. ஆனால் மருமகன் கொண்டுவந்து தந்த ஜே ரிட்டார்டின் 'பிளட் விஷன்ஸ்' (2006) இசைத்தொகுப்பை ஒரு மாதமாகக் கேட்டு வருகிறேன்.

இயற்பெயர் ஜிம்மி லீ லின்ட்சி. 1980இல் பிறந்து அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் வளர்ந்தவர். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஏசும் ஆங்கிலச் சொல்லொன்றைத் திரித்துத் தன் பெயராக்கிக் கொண்டார். வகுப்பறையில் நிற்கும் எனக்கு அதை எழுதவே கூசுகிறது. பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டவர், வீட்டில் தனியே கிட்டார் வாசித்து, வாளியைத் தட்டி, பாடிப் பதிவு செய்தார். மேசையில் தாளம் போடும் என் மாணவர்களை நான் அதட்டுவதுண்டு. இப்போது சற்று யோசித்தே அதட்டுகிறேன். உள்ளூர் 'கோனர்' நிறுவனத்தின் எரிக் ஃபிரீடல் அப்பதிவுகளை வெளியிட முன்வந்தார். தனியொருவனின் 'ரிட்டார்ட்ஸ்' அதன் பின்னரே ஆட்கள் சேர்ந்த குழுவாயிற்று.

கராஜ் பங்க் என்பது மூன்று நான்கு கோர்ட்டுகள், அசுர வேகம், மெருகற்ற ஒலிப்பதிவு, அவ்வளவுதான். 'பிளட் விஷன்ஸ்' தொகுப்பிலுள்ள பதினைந்து பாடல்களும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகின்றன. வாத்தியங்கள் ஏறத்தாழ எல்லாம் அவரே. ட்ரம்மை முதலில் பதிந்து, அதைக் கேட்டுக் கொண்டே கிட்டாரை அதன்மேல் ஏற்றுபவனுக்கு அடுத்த அடி எங்கு விழும் என்பது முன்னரே தெரியும். இருவர் சேர்ந்து வாசிக்கையில் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கும் அந்த மயிரிழை நேரம் இங்கு இல்லை. இத்தொகுப்பின் இறுக்கத்துக்கும், கேட்பவரை மூச்சுத் திணற வைக்கும் தன்மைக்கும் இதுவே காரணம் என்பது என் எண்ணம். தனிமையே இங்கு ஒரு வாத்தியமாகிவிட்டது.

பாடல்கள் பேசப்பட்டதும் ஊரூராகச் செல்ல ஆட்கள் தேவைப்பட்டனர். ஸ்டீபன் போப் பேஸ் கிட்டாரும் பில்லி ஹேய்ஸ் ட்ரம்மும் வாசிக்க, மேடையில் பாடல்கள் இன்னும் வேகம் கொண்டன. ஒன்று முடிய மூச்செடுக்காமல் அடுத்தது தொடங்கியது. நல்ல குழுதான். ஆனால் 2009இல் வந்த 'வாட்ச் மீ ஃபோல்' தொகுப்பிலும் பெரும்பாலான வாத்தியங்களை ரிட்டார்டே வாசித்தார். கூட இருந்தவர்கள் பயணத்துக்கு உரியவர்கள். பாட்டு அவருடையதாகவே இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் இருவரும் விலகினர். டென்மார்க் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். 2010 ஜனவரி 13இல், 29 வயதில், மெம்பிஸில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். கொக்கெயினும் மதுவும் காரணமென்றது பிரேத பரிசோதனை.

'குழு சேர்ந்தால் அசல் போய்விடும்' என்று சில விமர்சகர்கள் சாதிப்பதுண்டு. நான் உடன்படவில்லை. விலகிய அதே இருவர் கலிபோர்னியாவின் நேதன் வில்லியம்ஸிடம் சேர்ந்தனர். அவருடைய 'வேவ்ஸ்' என்பதும் பெற்றோர் வீட்டில் ஒருவரே பதிந்த இரைச்சலாகத் தொடங்கியதுதான். 2009இல் பார்சிலோனா மேடையில் நிலைகுலைந்து மன்னிப்புக் கேட்க நேர்ந்தவர் அவர். இருவரையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே அழைத்துச் சென்றார். மிசிசிப்பியின் ஒக்ஸ்ஃபோர்ட்டில் பதிவான 'கிங் ஒஃப் த பீச்' (2010) அவ்வாறு பிறந்தது. முந்திய பதிவுகளில் இரைச்சலுக்குள் அமிழ்ந்து கிடந்த மெட்டுக்கள் இதில் வெளிச்சத்துக்கு வருகின்றன.

இரண்டில் எது சிறந்தது என்று மருமகன் கேட்டான். பின்னதைத்தான் காட்டினேன். என்றாலும் இரவில் தனித்திருக்கையில் கை தேடிப் போவது 'பிளட் விஷன்ஸ்' பக்கமே. அதை அவனிடம் சொல்லவில்லை.