நிறுத்து விசையும் கேட்பவரின் அதிகாரமும்
(தேங்காய்ப்பட்டணத்தில் பதிந்த ஒரு குரலை முன்வைத்து)

1

வாய்மொழி வரலாறு பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நிறையவே பேசியாயிற்று. யார் பேசுகிறார்கள், யாரைப் பேசவிடவில்லை, விளிம்பில் இருப்பவர்கள் தங்கள் கதையாடலைத் தாங்களே சொல்ல முடியுமா என்பன போன்ற கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம். எல்லாமே பேசுபவர் பற்றிய கேள்விகள். கேட்பவர் பற்றி, குறிப்பாக பதிவைக் கொண்டுவந்து கணிப்பொறியில் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்குமேல் தனியாக உட்கார்ந்து கேட்கிற அந்த ஆள் பற்றி, நாம் அதிகம் பேசவில்லை. ஏனென்றால் அந்த ஆள் நாம்தான்.

என்னிடமிருந்தே தொடங்குகிறேன். தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குச் சமீபமான ஒரு வீட்டில், வயதான ஒரு உம்மாவின் பேச்சைப் பதிந்தேன். கல்ஃப் போன ஆண்களுக்கும் ஊரிலிருந்த பெண்களுக்கும் நடுவே கேசட் போய்வந்த காலத்தைப் பற்றிய பேச்சு. அவருடைய கணவர் பதிந்து அனுப்பிய முதல் கேசட்டில் என்ன சொல்லியிருந்தார் என்று கேட்டேன். "ஓர்மையில்ல மக்களே" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. பதினொரு விநாடி கழித்து, குரலைத் தாழ்த்தி, "ஓர்மையிருந்தா மட்டும் சொல்லணுமா?" என்றார்.

அந்தப் பதினொரு விநாடியை நான் வெட்டினேன். நண்பர்கள் கூடிய ஒரு சிறு கூட்டத்தில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது, நேரம் குறைவு. வெட்டிய பிறகு இரண்டு வாக்கியங்களும் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னதுபோல ஆயின. கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். "கிழவிக்கு என்ன குசும்பு!" என்றார் ஒரு தோழர். நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஒரு மறுப்பு நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. அதில் ஒரு சொல்கூட மாறவில்லை. சொற்களை மட்டும் எழுத்தில் பெயர்த்து வைத்திருந்தால் வெட்டியதற்கும் வெட்டாததற்கும் வித்தியாசமே தெரியாது.

2

நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-இல் தொடங்கி 2000-இல் வெளியான கட்டற்ற மென்பொருள். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லாத நம்மைப் போன்றவர்கள் பலரிடமும் இருப்பது இதுதான். இதில் வெட்டுவது, ஒட்டுவது, சத்தத்தைக் கூட்டுவது எல்லாவற்றையும் 'தொகுப்பு' என்கிறோம். ஒலிக்கவிடுவது, நிறுத்துவது, திரும்பப் போடுவது ஆகியவற்றை வெறும் கேட்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த விசைகளால் கோப்பில் ஒன்றும் மாறுவதில்லை, ஆகவே அவை நிரபராதிகள் என்பது நம் நினைப்பு. கோப்பு மாறாதுதான். கேட்கிற காது மாறிவிடுகிறது, பிறகு அந்தக் காது சொல்கிறபடி கை வெட்டுகிறது.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒலிக்கும், மறுபடி தட்டினால் நிற்கும். நின்றதும் குறிமுள் எங்கே இருக்கும்? நின்ற இடத்தில் இல்லை, நான் தொடங்கிய இடத்தில். நின்ற இடத்திலேயே குறி வைக்க வேண்டுமானால் எக்ஸ் விசையைத் தட்ட வேண்டும். தற்காலிகமாக நிறுத்திவைக்க பி விசை. ஆக, சாதாரணமாகத் தட்டிக்கொண்டிருக்கும்வரை பேச்சு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது கணக்கிலேயே வராது. நான் எங்கிருந்து கேட்க விரும்பினேனோ அந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். பேசுபவரின் தொடக்கம் வேறு, கேட்பவரின் தொடக்கம் வேறு. இயந்திரம் ஞாபகம் வைத்துக்கொள்வது இரண்டாவதை மட்டும்தான்.

ஒலிக்கும்போது அம்பு விசைகள் ஒரு விநாடி முன்னும் பின்னும் தாவும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் பதினைந்து விநாடி. அந்த உம்மாவின் மௌனம் பதினொரு விநாடி. ஷிஃப்டை அழுத்தி ஒரு தடவை தாவினால் அது இருந்ததே தெரியாமல் அதன் தலைக்குமேல் போய்விடலாம். முதல் நாலைந்து கேட்பில் நான் அப்படித்தான் போயிருக்கிறேன்.

பிறகு சி விசை. இதுதான் எல்லாவற்றிலும் சூட்சுமமானது. ஒரு பகுதியைத் தெரிவுசெய்து சி-யைத் தட்டினால், அந்தப் பகுதியை வெட்டிவிட்டால் எப்படி இருக்கும் என்று, வெட்டாமலே, வாசித்துக் காட்டும். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், நடுவே உள்ளது கிடையாது. வெட்டுக்கான ஒத்திகை. இயந்திரம் நம் காதிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இயல்பாக இருக்கிறதா? தழும்பு தெரியாமலிருந்தால் வெட்டு நல்ல வெட்டு. போனது என்ன என்று அந்த ஒத்திகையில் கேட்க வழியில்லை, ஏனென்றால் போகப்போவது அதில் ஒலிப்பதே இல்லை. 'இயல்பு' என்கிற சொல்லைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். இயல்பு என்று தோன்றுவது எப்படி உற்பத்தியாகிறது என்பதை இந்த ஒரு விசையைத் தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கூட்டம் முடிந்து சில நாள் கழித்து, அசல் கோப்பைத் திறந்து, நேர்மாறான காரியத்தைச் செய்தேன். மௌனத்தை மட்டும் தெரிவுசெய்து எல் விசையைத் தட்டிச் சுழலவிட்டேன். திரையில் மெல்லிய கோடுதான், மலைபோல் எழும்பும் பேச்சின் பக்கத்தில் ஒன்றுமில்லாததுபோல் இருந்தது. கேட்டால் அப்படியல்ல. கடல். தொண்டை ஒருமுறை கனைக்கிறது. வளையல் நகர்கிறது. உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற காலடி. நடுவில் நான் "ம்" என்று சொல்லியிருக்கிறேன், பொறுக்கமாட்டாமல். அந்த "ம்"-மைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் காலடி போன பிறகுதான் அவர் வாயைத் திறக்கிறார்.

3

இந்த விஷயம் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. அவர் சொன்ன கதையே அதுதான், நான்தான் காதில் வாங்கவில்லை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்ஃபிலிருந்து வந்தவர்கள் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதினால் தீராதவர்களுக்கும் கேசட் கடிதமாயிற்று. கடிதத்தை வாசிக்க இன்னொருவர் தயவு வேண்டும், கேசட் நேரே காதுக்கு வந்துவிடும் என்று நாம் நினைக்கலாம். அப்படி வரவில்லை. இயந்திரம் இருந்தது நடுவீட்டில். கேசட் வந்தால் வீடே கூடி உட்கார்ந்து கேட்கும். விசை மாமியின் கையில். மகன் தாய்க்குச் சொல்வதெல்லாம் சத்தமாக ஒலிக்கும், மனைவிக்குச் சொல்லத் தொடங்கும் இடம் வந்தால் 'டக்'கென்று நிற்கும். "அவிய என்ன சொன்னாவன்னு தெரிய, எல்லாரும் ஒறங்குன பொறவு ஒச்சையக் கொறச்சு வச்சு, துணியப் போட்டு மூடி, நான் தனியாக் கேப்பேன்" என்றார். கேட்டதை மறுபடி கேட்க நாடாவைப் பின்னால் சுற்ற வேண்டும். இயந்திரத்தில் சுற்றினால் கிறீச்சிடும் என்று பென்சிலை நுழைத்துச் சுற்றியிருக்கிறார். பதில் அனுப்ப வேறு கேசட் இல்லாதபோது அதன்மேலேயே தன் பேச்சைப் பதிந்து அனுப்பியிருக்கிறார். பதில் பதியப் பதிய கடிதம் அழியும்.

ஆக, நான் எதைக் கேட்டேன்? உலகத்தில் வேறெங்கும் மிச்சமில்லாத ஒன்றை. மாமியின் விரலுக்குத் தப்பி, துணிக்கடியில் ஒளித்துக் கேட்டு, பிறகு தன் குரலாலேயே அழித்த ஒன்றை. அதைச் சொல்லமாட்டேன் என்று அவர் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்தான் அந்தப் பதினொரு விநாடி. முதல் தடவை நிறுத்து விசை மாமியின் கையில் இருந்தது. இரண்டாம் தடவை என் கையில். குடும்ப அதிகாரத்தைப் பற்றித் தகவல் சேகரிக்கப் போன நான், அதே விசையைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.

4

சுழற்சி, வேகம், நிறுத்தம் மூன்றுக்கும் வரலாறு உண்டு. 1964-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின இளைஞர்கள் சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் அடித்தது. ரத்தம் வழிபவர்களை மட்டும்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்பதால், டேனியல் ஹாம் என்ற இளைஞர் தன் காயத்தைத் தானே பிதுக்கி ரத்தம் காட்ட வேண்டியிருந்தது. அவர் குரலிலிருந்து ஐந்தே சொற்களை எடுத்து ஸ்டீவ் ரைக் 1966-இல் ஒரு நாடாப் படைப்பு செய்தார். மறுவிசாரணைக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காகச் செய்தது. இரண்டு நாடாக்கள் சுழன்று, மெல்ல விலகி, நான்கு குரல், எட்டுக் குரலாகி, சுமார் 13 நிமிட முடிவில் சொல் கரைந்து ஒலிமட்டும் மிஞ்சும். சுழற்சி, சாட்சியை மறக்க முடியாததாக ஆக்கியது. அதே சுழற்சி அதைச் சங்கீதமாகவும் ஆக்கிவிட்டது. இரண்டில் எது வேண்டும் என்று விசையிடம் கேட்டுப் பயனில்லை. எனக்கும், மௌனத்தைச் சுழலவிட்ட அன்று, இருபதாவது சுற்றுக்குப் பிறகு கடல் தாளம்போடத் தொடங்கியது. உடனே நிறுத்தினேன்.

வேகம்: ஆடாசிட்டியில் ஒலிக்கும் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும், வயதான பெண் சிறுமியாவாள். குறைத்தால் ஆணாவாள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றவும் வழி உண்டு, அதுதான் இன்னும் ஆபத்து, மாற்றியது தெரியாது. காட்சிப் பதிவுகளைப் பற்றி 2016-இல் வெளியான ஓர் ஆய்வு (யூஜின் கருசோவும் இரு சகாக்களும் செய்தது), மெதுவாக்கிக் காட்டினால் பார்ப்பவர்கள் அதே செயலை 'வேண்டுமென்றே செய்தது' என்று நம்புவது அதிகரிக்கிறது என்று காட்டியது. யோசிக்க அவகாசம் இருந்ததுபோலத் தோன்றிவிடுகிறதாம். பேச்சுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். மெதுவாக்கினால் தயக்கம் பொய்யாகிறது, வேகமாக்கினால் துக்கம் படபடப்பாகிறது. 2021-இல் வாட்ஸப் குரல்செய்தியை ஒன்றரை மடங்கிலும் இரண்டு மடங்கிலும் கேட்கும் வசதியைக் கொடுத்தது. அன்றிலிருந்து கல்ஃபில் இருக்கும் மகன் உம்மாவை இரண்டு மடங்கில் கேட்கிறான். அவனுடைய வேலைநேரம் அப்படி. அவனைக் குறை சொல்லவில்லை. அவன் அவசரத்தை யார் நிர்ணயித்தார்கள் என்பதுதான் கேள்வி.

நிறுத்தம்: அமெரிக்க அதிபர் நிக்ஸனின் அலுவலகப் பதிவில், 1972 ஜூன் 20 அன்றைய பேச்சில், பதினெட்டரை நிமிடம் காணாமல் போனது. காலால் மிதித்து இயக்கும் படியெடுப்பு இயந்திரத்தில் தவறுதலாக அழிந்திருக்கலாம் என்றார் செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ், அதுவும் ஐந்து நிமிடம்போலத்தான் என்று. நீதிமன்றத்துக்காக ஆராய்ந்த நிபுணர் குழு 1974-இல், குறைந்தது ஐந்து தனித்தனி அழிப்புகள் அதில் உண்டு என்று சொன்னது. அதிபரின் பதினெட்டரை நிமிடத்துக்கு நிபுணர் குழு அமைகிறது. தேங்காய்ப்பட்டணத்துப் பதினொரு விநாடிக்கு அமையாது. அதனாலேயே அதை வெட்டுகிற நம் கைக்குப் பொறுப்பு கூடுகிறது.

5

தேங்காய்ப்பட்டணம் என்றதும் வாசகர்களுக்குத் தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) நினைவுக்கு வருவார். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. மீரான் படித்ததே மலையாள வழியில். வாயில் ஒரு மொழி, பலகையில் இன்னொரு மொழி. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் நூலாக வந்தபோது, தமிழ் அச்சுக்குப் பழக்கமில்லாத ஒரு பேச்சு பக்கங்களில் ஏறியது. இந்த ஊருக்குக் குரலை எழுத்தில் பெயர்ப்பது ஒருநாளும் வெறும் குமாஸ்தா வேலையாக இருந்ததில்லை. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புலவர் ஒன்று சொல்ல, பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு வாங்கிக்கொள்வார். அந்த "ஆமா" இல்லாமல் கதை நகராது. அச்சில் வரும்போது முதலில் உதிர்வது அதுதான். நாமும் அப்படியே செய்கிறோம்: நம் கேள்வியை வெட்டுகிறோம், நம் "ம்"-மை வெட்டுகிறோம், எஞ்சியதை 'அடித்தள மக்களின் குரல்' என்று வெளியிடுகிறோம். யாரும் கேட்காமலே ஒருவர் தானாகப் பேசியதுபோன்ற ஒரு பிரதி. அலெஸாண்ட்ரோ போர்டெல்லி இத்தாலியின் டெர்னி நகரத் தொழிலாளர்களைப் பதிந்தபோது, 1949-இல் போலீஸ் கொன்ற ஒரு தொழிலாளியின் சாவை அவர்கள் பலர் 1953-க்கு நகர்த்திச் சொன்னதைப் பிழை என்று திருத்தவில்லை. அந்த நகர்வில்தான் வரலாறு இருக்கிறது என்று வாதிட்டார். தப்பாகச் சொன்னதையே வெட்டக்கூடாது என்றால், சொல்லாமல் விட்டதை?

"நாலு மணிநேரப் பதிவை அப்படியே போட்டால் எவன் கேட்பான்?" என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயம். நானும் வெட்டத்தான் போகிறேன். ஆனால் சில காரியங்கள் செய்யலாம். அசல் கோப்பைத் தொடாமல் தனியே வைக்கலாம். எங்கே எத்தனை விநாடி வெட்டினோம் என்று எழுதி வைக்கலாம், கேட்பவருக்கும் சொல்லலாம். நம் கேள்விகளை உள்ளேயே விடலாம். கடைசியாக, பேசியவரிடமே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டலாம். போட்டுக் காட்டினால் போதாது, விசையை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அதைச் செய்தேன். மடிக்கணினியை அவர் முன்னால் வைத்து ஸ்பேஸ் பாரைக் காட்டிக்கொடுத்தேன். கூட்டத்தில் நடந்ததையும் சொன்னேன். "சிரிச்சாவளா?" என்று மட்டும் கேட்டார். விரலை வைத்து, கேசட் பகுதியை ஒலிக்கவிட்டார். என் கேள்வி வந்தது. "ஓர்மையில்ல மக்களே" வந்தது. டக்கென்று நிறுத்தினார். மறுபடி போட்டார், அதே இடத்தில் நிறுத்தினார். மூன்று தடவை. அதற்கப்பால் தன் மௌனத்தைக் கேட்க அவருக்கு விருப்பமில்லை. நான் கேட்பதிலும் விருப்பமில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். பேர் போடாமல் இதையெல்லாம் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பதிவு இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் நிறுத்திய இடத்தில் குறி வைத்திருக்கிறேன், எக்ஸ் விசையால். ஆவணக்காப்பகம் வேண்டும் என்று நாம் எல்லாரும் கோரிக்கொண்டிருக்கிறோம். பேசியவர் 'இதற்குமேல் வேண்டாம்' என்று விரலால் சொன்ன இடத்தை மதிக்கும் ஏற்பாடு அந்தக் காப்பகத்தில் உண்டா என்பதையும் சேர்த்துப் பேசுவோம்.