புள்ளிக் கட்டத்தில் நிற்கும் எழுத்து

1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினித் திரையில் குறுக்கே 512 புள்ளிகள், நெடுக்கே 342. கறுப்பும் வெள்ளையும்தான் நிறங்கள். அந்தத் திரைக்கென்று சூசன் கேர் வரைந்த சிகாகோதான், என் பார்வையில், பிக்சல் (புள்ளி) எழுத்துருக்களில் தலைசிறந்தது. சாய்கோடுகள் படிக்கட்டுபோல் உடைந்து தெரியும் என்பதால் கிடைக்கோடு, செங்கோடு, 45 பாகைச் சாய்வு ஆகிய மூன்றோடு அவர் நிறுத்திக்கொண்டார். செங்கோடுகளுக்கு இரண்டு புள்ளித் தடிமன். பயன்படுத்த முடியாத மெனு வரியை மங்கலாகக் காட்ட, அந்தக் கணினி ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை அழிக்கும். பாதி போன பிறகும் சொல் படிக்கக் கிடைப்பது அந்தத் தடிமனால்தான். 2001இல் முதல் ஐபாடின் சிறிய திரைக்கும் சிகாகோவே பொருந்தியது.

ஆர்கேட் விளையாட்டுகளின் எழுத்திலும் இதே கணக்கு உண்டு. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஏழுக்கு ஏழு எழுத்துக்கு, மீதி இடைவெளிக்கு. ஒற்றைப் புள்ளிச் செங்கோடு பழைய படக்குழாய்த் திரையில் கலங்கித் தெரியும் என்பதால் அங்கும் செங்கோடு இரட்டைப் புள்ளியானது.

இந்தக் கணக்கை மறந்துவிட்டு, பழமையின் சாயலுக்காக மட்டும் பிக்சல் எழுத்தை எடுத்துப் பூசும்போதுதான் இன்றைய வடிவமைப்பு சறுக்குகிறது. நாம்கோ நிறுவனத்தின் 1980களின் விளையாட்டு எழுத்தை ஒட்டி உருவான ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ எழுத்துரு கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். அதை 8, 16, 24 என எட்டின் மடங்குகளில் வைத்தால் விளிம்பு கூராக நிற்கும். 20இல் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் இரண்டரைப் புள்ளியாகி, சாதாரணத் திரையில் ஓரமெல்லாம் சாம்பல் படிகிறது. கட்டத்தின் கூர்மைதான் இந்த எழுத்தின் அழகு. அது போனால் மிஞ்சுவது அழுக்கு. அதே எழுத்தில் பத்தி பத்தியாக உரை ஓட்டுவது அதைவிடக் கொடுமை. ஆங்கில ‘ஐ’க்கும் ‘எம்’முக்கும் ஒரே அகலம், சொல்லுக்கென்று ஒரு வடிவமே அமைவதில்லை, கண் சீக்கிரம் களைக்கிறது. தலைப்புக்கும் பொத்தானுக்கும் மதிப்பெண்ணுக்கும் அது போதும்.

இதெல்லாம் திரைக்கான கணக்கு என்பதற்காகப் பிக்சல் எழுத்தையே காகிதத்திலிருந்து விலக்கிவிட வேண்டியதில்லை. சுசானா லிச்கோ 1985இல் மெக்கின்டாஷில் வரைந்த எம்பரர், ஓக்லண்ட் எழுத்துருக்கள் ‘எமிகிரே’ இதழில் அச்சேறின. புள்ளியை மறைக்காமல் அதையே வடிவமாக எடுத்துக்கொண்ட துணிவு அவற்றில் தெரிகிறது.

தமிழுக்கு எட்டுக் கட்டம் எட்டவே எட்டாது. மூன்று சுழி ‘ண’வின் சுழிகளுக்கிடையே வெளிச்சம் விட அதில் போதிய நெடுவரிசைகள் இல்லை, சுழி ஒட்டிக்கொண்டால் இரண்டு சுழி ‘ன’வாகத் தெரியும். மேலே மெய்ப்புள்ளி, கீழே ‘மு’வின் வால் எல்லாவற்றுக்கும் தனி வரிசை வேண்டும். உலக எழுத்துகளையெல்லாம் திரையில் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட க்னூ யூனிஃபான்ட், தமிழை 16 புள்ளி உயரத்தில் வரைந்திருக்கிறது. தமிழில் பிக்சல் எழுத்து வரைய விரும்புகிறவர் அந்த உயரத்திலிருந்தாவது தொடங்கட்டும். எந்த வளைவை நேராக்கலாம், எந்தச் சுழியைத் தொடக் கூடாது என்று எழுத்தெழுத்தாக முடிவெடுக்கட்டும். அதற்கு நேரமில்லாதவர், ஆங்கிலத் தலைப்பு புள்ளியில் இருக்கிறதே என்று தமிழை நசுக்காமல், பக்கத்திலேயே தடித்த சாதாரண எழுத்துருவில் போட்டுவிடலாம்.