கூட ஒப்பு வைக்கும் கிட்டார்

புளூஸ் பிரியர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எந்த வழியாகப் போனாலும் ராபர்ட் ஜான்சனில்தான் போய் நிற்கும். நாற்சந்தி, நள்ளிரவு, கிட்டாருக்காகச் சாத்தானிடம் விற்ற ஆன்மா, 27 வயதில் சாவு. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இசைத்தட்டுப் பெட்டிகளைக் கிளறியபடி இந்தக் கதையை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பேன்! கதை நன்றாகத்தான் இருக்கிறது. 1936இல் சான் அன்டோனியோவில் அவர் பதிந்த 'கம் ஆன் இன் மை கிச்சன்' தொடக்கத்தில் வரும் அந்த முனகலுக்காக எதையும் விட்டுக்கொடுப்பேன். இருந்தாலும் அதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1927 டிசம்பர் 3ஆம் தேதி, டல்லஸில் நடந்ததைத் தாண்டி என் காது வர மறுக்கிறது.

கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி அன்று பிளைண்ட் வில்லி ஜான்சன் என்ற பார்வையற்ற பாடகரை ஆறு பாட்டுக்கு உட்கார வைத்தது. அவற்றில் ஒன்றில் பாட்டு வரிகளே கிடையாது. 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்'. மூன்றே கால் நிமிஷம், ஒரு குரல், ஒரு கிட்டார்.

அது புளூஸே இல்லை, தேவாலயப் பாட்டு என்று மல்லுக்கு நிற்பவர்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. அவர் பதிந்த முப்பதும் வேதத்தையும் ஆண்டவரையும் சுற்றியவைதான், மறுக்கவில்லை. ஆனால் புளூஸ்காரர் சன் ஹவுஸ் பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்தவர். ஸ்கிப் ஜேம்ஸ் புளூஸிலிருந்து பிரசங்கத்துக்குப் போனவர். அமெரிக்கத் தெற்கின் அந்த மண்ணில் சனிக்கிழமை ராத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கும் நடுவே பெரிய சுவர் இருந்ததில்லை. பாட்டின் பொருளை வைத்து இசைக்கு வேலி போடுகிறவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன்: பொருளே இல்லாத இந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.

கிட்டார் முதலில் தனியாக வரும். கட்டைவிரல் அடித்தந்தியைத் தட்டும். அதுகூட ஒழுங்கான தாளமாக அல்ல, நினைத்தபோது. மேலே, தந்தியில் வழுக்கும் ஸ்லைடு ஒரு சுரத்துக்குக் கீழிருந்து கிளம்பி, அதைத் தொட்டும் தொடாமலும் நடுங்கி, இறங்கிவிடும். காந்தாரம் வரும் இடத்தைக் கவனியுங்கள். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை, இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில் நிற்கிறது. கமகத்தில் வளர்ந்த காதுக்கு இது புதுசில்லை. பியானோவுக்குப் பழகிய காதுதான் திணறும். பிறகு குரல் வருகிறது, வாயை மூடிக்கொண்டு. 'ம்ம்' என்று இழுத்து, நடுவில் 'ஆ' என்று திறந்து, முடிக்காமல் விட்டுவிடுகிறது. விட்ட இடத்திலிருந்து ஸ்லைடு எடுத்துக்கொள்கிறது. சில இடங்களில் இரண்டும் ஒரே சுரத்துக்குப் போகின்றன. ஆனால் ஒன்றாகப் போய்ச் சேருவதில்லை. ஒன்று அரைக்கணம் பிந்தும். அந்த அரைக்கணத்தில்தான் என் உயிர் இருக்கிறது.

தாமஸ் ஹாவீஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய கீர்த்தனை ஒன்றுதான் இதற்கு மூலம். சிலுவைக்கு முந்தின இரவு, கெத்சமனே தோட்டத்தில் இயேசு. இத்தகைய கீர்த்தனைகளை எழுத்தறியாத சபைகளில் பாடும்போது ஒருவர் வரியைச் சொல்ல, மற்றவர்கள் அதை நீட்டி முழக்கி வாங்கிக்கொள்வார்கள். வரிகள் தேய்ந்து கடைசியில் முனகல் மட்டும் மிஞ்சும். வில்லி ஜான்சன் தனி ஆளாக ஸ்டூடியோவில் உட்கார்ந்து, சொல்பவரின் இடத்தைக் குரலுக்கும் சபையின் இடத்தைக் கிட்டாருக்கும் கொடுத்துவிட்டார். இந்த விஷயம் புத்தகத்தில் படிக்கும் முன்பே எங்கள் பெரியம்மா மூலம் எனக்குத் தெரியும்.

பெரியம்மா கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றதும் சுங்கை வேயில் எங்களோடு வந்து தங்கினார். தோட்டத்தில் சாவு விழுந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொள்ள, அவர் ஒப்பாரி எடுத்துக் கொடுப்பார். ஒரு கட்டத்தில் செத்தவரின் பெருமையெல்லாம் சொல்லித் தீர்ந்து வெறும் இழுவை மட்டும் வட்டத்தில் சுற்றும். ஒருநாள் ராத்திரி கூடத்தில் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஃபெடரல் ஹைவே இரைச்சலுக்கு ஜன்னலை அடைத்திருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்து, "இவன் அழுவுறான், சரி. கூட ஒப்பு வைக்கிறது யாருய்யா?" என்று கேட்டார்.

கிட்டார் என்றேன். அவர் நம்பவில்லை. மறுபடி போடச் சொன்னார்.

புளூஸ் பற்றி நான் படித்த எந்த விமர்சகரும் இந்தப் பதிவின் சூட்சுமத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

வில்லி ஜான்சனின் முதல் தட்டை 9,400 பிரதி அடித்தார்கள். விற்றுத் தீர்ந்து இன்னும் ஆறாயிரம் அடித்தார்கள். 1930க்குப் பிறகு பதிவே இல்லை. பொருளாதார மந்தம் அந்த வியாபாரத்தைப் படுக்க வைத்துவிட்டது. 1945இல் பூமோன்ட் ஊரில் வீடு எரிந்துபோய், எரிந்த வீட்டிலேயே ஈரப் படுக்கையில் படுத்துக் காய்ச்சல் கண்டதாக மனைவி ஆஞ்சலின் பின்னாளில் சொன்னார். இறப்புச் சான்றிதழில் மலேரியா என்று இருக்கிறது. கிள்ளான் பக்கத்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும். 1901இலேயே மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை அடக்கிக் காட்டிவிட்டார். அதற்கு 44 வருஷம் கழித்து அமெரிக்காவில் இப்படி ஒரு சாவு.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில் இந்தப் பாட்டு இருப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதற்கு முன்னால் இருப்பது எது என்று யாரும் பேசுவதில்லை. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவி! அது முடிந்ததும் வில்லி ஜான்சன், அப்புறம் பீத்தோவனின் கவடினா. வரிசையை யார் யோசித்து வைத்தார்களோ, அவர்களுக்கு நல்ல காது. பைரவியின் கோமல் சுரங்கள் அடங்கின இடத்தில் அந்த ஸ்லைடு தொடங்கும்போது கண்டம் மாறியதே தெரிவதில்லை.

ஸ்லைடு கிட்டார்காரர் ரை கூடர் வாழ்நாள் முழுக்க இந்த மூன்றேகால் நிமிஷத்தின் பின்னாலேயே நடந்தவர். 'பாரிஸ், டெக்சஸ்' படத்தின் இசைக்கு அடிப்படையே இதுதான். அவரை மோகன வீணைக்காரர் விஷ்வ மோகன் பட்டோடு சான்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில் உட்கார வைத்து 'எ மீட்டிங் பை த ரிவர்' பதிந்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். வாட்டர்லிலி அக்கூஸ்டிக்ஸ் அவருடைய கம்பெனி. வால்வு கருவிகள், இரண்டே மைக், மிக்ஸிங் கிடையாது. இசைப்பவரைச் சுற்றியிருக்கும் காற்றும் சேர்ந்து பதிய வேண்டும் என்ற பிடிவாதம். அந்தத் தட்டு 1994இல் கிராமி வாங்கியது. ஆனால் நான் அடிக்கடி எடுப்பது 1995இல் அவர் வெளியிட்ட 'மும்தாஜ் மஹால்'. புளூஸ்காரர் தாஜ் மஹாலோடு பட்டின் மோகன வீணையும் ரவிகிரணின் சித்திரவீணையும். அதே 'கம் ஆன் இன் மை கிச்சன்' அதிலும் இருக்கிறது. மெட்டு இல்லாத தண்டியில் கட்டை வழுக்கிப் போகும் சித்திரவீணைக்கு இந்தப் பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. ஏற்கெனவே அதன் ஊர்ப் பாட்டு போல வாசிக்கிறது. திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் வளர்த்த கருவி அல்லவா!

இங்கே மலேசியாவிலும் புளூஸ் இல்லாமல் இல்லை. நெகிரி செம்பிலான் பேச்சு வழக்கில் 'அப்போ நாக் டிகாத்தோ' பாடிய 'புளூஸ் கேங்' குழுவில் பேஸ் வாசித்தவர் ஜிம் மாடசாமி. அவர்களிடம் நிதானம் இருந்தது. இன்றைக்குப் பெட்டாலிங் ஜெயாவிலும் பங்சாரிலும் புளூஸ் இரவு என்று போய் உட்கார்ந்தால், பாடகர் மூச்சு விடும் முன்பே லீட் கிட்டார் ஓட்டம் எடுக்கிறது. விரல் வேகம் அபாரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவரும் இன்னொருவரைக் கேட்பதில்லை. பாடுகிறவர் வரியை முடிக்காமல் விட்டால் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. இவர்கள் முன்மாதிரியாகக் கொள்ளும் ஸ்டீவி ரே வானைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரிடமிருந்து இவர்கள் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் வருத்தம்.

இன்னொரு ஆதங்கம், சுத்தம் செய்த பதிவுகள். பழைய தட்டின் இரைச்சலை நீக்குகிறோம் என்று கருவியில் போட்டு வடிகட்டி விற்கிறார்கள். இரைச்சல் இருக்கும் அதே உயரத்தில்தான் தந்தியில் ஸ்லைடு உரசும் சத்தமும், மூடிய வாய் திறக்கும்போது வரும் மூச்சும் இருக்கின்றன. அதை எடுத்தால் இதுவும் போகும். மின்சார மைக் வந்து இரண்டே வருஷம் ஆன காலத்தில் அந்த மூச்சைத் தட்டில் பிடித்தார்கள். அதை இப்போது துடைத்து எறிகிறோம். ஒரு புதிய பதிப்பில் குரலும் கிட்டாரும் பளபளவென்று தனித்தனியாக நிற்கின்றன, நடுவில் வெற்றிடம். பெரியம்மாவிடம் அதைப் போட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

எனக்கு ஓர் ஆசை. சித்திரவீணைக்காரர் ஒருவரும், தோட்டத்தில் ஒப்பாரி எடுத்துக் கொடுத்த ஒரு பாட்டியும். தபேலா வேண்டாம், சுருதிப் பெட்டி வேண்டாம், மேடை வேண்டாம். கவிச்சந்திரன் வைத்த மாதிரி இரண்டு மைக், ஒரே தடவை, மூன்றேகால் நிமிஷம். எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள் காப்பாரிலும் பந்திங்கிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பதிவு செய்யத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த வருஷமே மைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.