சிறு நரம்புக் கருவிகளும் பாடற் பயில்வும்: நற்பிட்டிமுனையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

நான்கு நரம்புகளையுடைய யுகுலேலேயும், அதனினுஞ் சற்றே பெரிதாய் ஆறு நரம்புகளையுடைய கிற்றாலேலேயும் இன்று பாடல் பயில விழையும் இளைஞர் பலரது கைகளுக்கு வந்து சேர்ந்துள்ளன. இவை பற்றி இருவேறு கருத்துக்கள் நிலவுகின்றன. கற்பதற்கு எளியன, ஆதலின் இசையை மக்கள்மயப்படுத்துவன என்பது ஒன்று. விளையாட்டுப் பொருள்கள், ஆதலின் ஆய்வுக்குரியன அல்ல என்பது மற்றையது. முன்னையது விற்பனையாளர் குரல். பின்னையது சங்கீத வித்துவான்களின் குரல். இரண்டுமே கருவியை அதன் சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்குவன. கற்றல் எளிதாவதனால் மட்டும் ஒரு கலை மக்களுடையதாகிவிடுமா என்பதே இங்கு எழுப்பத்தக்க வினா.

யுகுலேலேயின் வரலாறு இவ்வினாவுக்குப் பாதி விடையைத் தருகிறது. 1879ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் திகதி ‘ரேவன்ஸ்கிறாக்’ என்னும் கப்பல் போர்த்துக்கலின் மதீராத் தீவினின்றும் நானூறுக்கும் மேற்பட்டோரை ஹொனலூலுத் துறையில் இறக்கியது. ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகக் கொணரப்பட்டோர் இவர்கள். தம்மோடு தம் தீவின் சிறு நரம்புக் கருவியையுங் கொணர்ந்தனர். மனுவெல் நூனெஸ், ஒகுஸ்தோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரித்து சாந்தோ என்னும் மூன்று தச்சர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தினின்றும் விடுபட்டதும், கோஆ என்னும் உள்ளூர் மரத்தால் அக்கருவியைச் செய்து விற்கத் தொடங்கினர். ஹவாய் மக்கள் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். மன்னர் கலாகௌவாவும் அதனை ஆதரித்தார். நம் மலையகத்துக்குக் கொணரப்பட்ட தொழிலாளர் தப்பினைக் கொண்டுவந்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. ஆனால் தப்பு, தன்மேற் சுமத்தப்பட்ட சாதி இழிவின் காரணமாகத் தோட்ட எல்லையைத் தாண்ட நெடுங்காலம் எடுத்தது.

தொழிலாளரின் கருவி சந்தைப் பண்டமாகிய கட்டம் இதனினும் முக்கியமானது. 1893இல் ஹவாய் அரசு கவிழ்க்கப்பட்டது. அதன்பின் நின்றவை சர்க்கரை முதலாளிகளின் நலன்கள். 1898இல் அத்தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய் மண்டபத்து இசை பெருங் கவர்ச்சியாயிற்று. நாட்டை இழந்த மக்களின் கருவி, நாட்டைப் பறித்தோரின் வரவேற்பறைக்குள் நுழைந்த விதம் இது. நியூயோர்க்கின் பாட்டு வணிகர் ஹவாயைக் கண்டறியாமலே ஹவாய்ப் பாட்டுக்களை எழுதிக் குவித்தனர். 1920களில் மே சிங்கி பிறீன் என்னும் ஆசிரியையின் முயற்சியால் அச்சிட்ட பாட்டுத்தாள்களில் யுகுலேலேக்குரிய கட்டப் படங்கள் இடம்பெறலாயின. எந்த நரம்பில், எந்தக் கட்டத்தில் விரல் வைப்பது என்பதைப் புள்ளியாற் காட்டும் படங்கள் அவை. இன்று நம் இளைஞர் பாடல் பயில்வது பெரிதும் இப்படங்களைக் கொண்டேயாம்.

இப்படம் கற்பிப்பது யாது? முதல் நரம்பின் மூன்றாங் கட்டத்தில் ஒரு விரலை வைத்து நான்கு நரம்புகளையும் வருடினால் ‘கோட்ஸ்’ என வழங்கும் சுரக்கூட்டுக்களில் ஒன்று பிறந்துவிடும். இத்தகைய நான்கைக் கற்றவர் நூறு திரைப்பாடல்களுக்குத் துணைவாசிக்கலாம். குருவின் வீட்டு வாயிலிற் காத்துக் கிடக்க வேண்டியதில்லை; சாதி கேட்போரில்லை; கட்டணமும் சொற்பம். இதன் சனநாயகப் பெறுமானத்தைக் குறைத்து மதிப்பிடுவோர் நம் சங்கீதக் கல்வியின் வர்க்க, சாதி அடிப்படைகளை அறியாதவராதல் வேண்டும். ஆயினும் கற்பவர் கைக்கொள்வது விரல் நிலைகளை; பாட்டு வேறெங்கோ, பிறரால், விற்பனைக்கெனத் தெரிவு செய்யப்பட்டு வருகிறது. அடோர்ணோ 1938இல் எழுதிய கட்டுரையிற் சுட்டிய ‘கேட்டலின் பின்னடைவு’ இங்குப் பொருந்துமெனச் சிலர் கூறக்கூடும். அதனை முற்றாக ஏற்பதற்கில்லை. அடோர்ணோ அளவுகோலாகக் கொண்டது ஐரோப்பியக் கலை இசையை. தாளில் எழுதப்படாத பாட்டையே தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மக்களிடத்து, சுரக்குறிப்பை வாசிக்க அறியாமை பின்னடைவாகாது.

நற்பிட்டிமுனை போன்ற ஊரை முன்னிறுத்துவதன் காரணம் இதுவே. கல்முனையை அடுத்து, தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர் அது. சூழவுள்ள பகுதியில் போடியாருக்கும் வயற்காரருக்குமிடையிலான உறவு நெடுங்காலம் வாழ்வை நிர்ணயித்தது. அவ்வாழ்விற் பிறந்தவை கிழக்கிலங்கையின் நாட்டார் கவிகள். காவற்பரணிலும் வயலிலும் வீட்டு முற்றத்திலும் இரு சமூகத்தவரும் பாடியவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் போன்றோர் அவற்றுட் பலவற்றைத் தொகுத்து அச்சேற்றினர். தொகுப்பிற் சொற்கள் எஞ்சின. ஓசை அச்சில் ஏறவில்லை; அதனைச் சுமந்த முதியோர் அருகி வருகின்றனர்.

நரம்புக்கருவி இப்பிராந்தியத்துக்குப் புதியதன்று. 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர்; 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி பத்தாண்டே நீடித்ததெனினும், மட்டக்களப்புப் பறங்கியர் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் இன்றுவரை பேணி வந்துள்ளனர். தச்சும் கொல்லும் அவர்தந் தொழில்கள். ஹொனலூலுத் தச்சரை இவர்களோடு சேர்த்து எண்ணாதிருக்க முடியவில்லை. ஜாவாவின் தூகு கிராமத்துக் கெரொஞ்சொங் இசையும் இதே கடல்வழியின் பிள்ளை. கஃப்ரிஞ்ஞாவினின்றும் பைலா கிளைத்தது. பொலிசுச் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் அதனைச் சிங்கள மக்களிடையே பரப்பினார். அதன் துள்ளல் தாளமும் கிற்றாரின் மூன்று சுரக்கூட்டுக்களும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் தமிழ்ப் பொப்பிசைக்கு ஊட்டமளித்தன. அப்பாடல்களைக் கொச்சையென ஒதுக்கியோர், பேச்சுத்தமிழ் முதன்முறையாகக் கிற்றாரோடு இசைந்து நின்றமையைக் காணத் தவறினர்.

பைலாவுக்குப் பொருந்திய வருடல் முறை கவிக்குப் பொருந்தாது. இதுவே பயில்வோர் எதிர்கொள்ளும் மெய்யான இடர். கவி தாளக்கட்டுக்குள் அடங்காதது. அடியின் ஈற்றில் ஓசை நீண்டு, மூச்சு முடியும்வரை அலைந்து ஓயும். சீரான வருடலுக்குள் அதனை அடைத்தால் அவ்வீற்றோசையே முதலில் வெட்டுண்ணும். எஞ்சுவது திரைப்பாடலின் நிழல். கருவியின் அமைப்பே மாற்றுவழி ஒன்றைத் தருகிறது. யுகுலேலேயின் மூன்றாம் நரம்பைச் சட்சமாகக் கொள்ளின் நான்காம் நரம்பு இயல்பாகவே பஞ்சமமாய் நிற்கும். இவ்விரண்டையுந் திறந்தபடி மெல்ல மீட்டினால் சுருதி கிடைத்துவிடும். ஏனைய இரண்டிலும் பாட்டின் போக்கைத் தேடலாம். கிற்றாலேலேயில் ஐந்தாம் நரம்பு சட்சம், ஆறாம் நரம்பு கீழ்ப் பஞ்சமம். முதல் மூன்று நரம்புகளும் பாட்டுக்கு. கட்டப் படத்தில் இவ்வழி இல்லை. கவி பாடும் ஒருவரின் முன் அமர்ந்து கேட்டாலன்றி இது கைவராது. களிகம்பு, கும்மி முதலான தாளப் பாடல்களுக்கோ வருடல் ஓரளவு இசையும். அவற்றைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

முஸ்லிம் ஊர்களில் நரம்புக்கருவி பற்றிய மார்க்க ஐயப்பாடும் உண்டு. தீர்ப்பு வழங்குவது திறனாய்வாளன் பணியன்று. எனினும் 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் இதனை ஆராயும் முறை கருதத்தக்கது. அவர் நரம்புக்கருவிகளை விலக்கவே செய்தார். ஆயின், இன்னொலி அதற்குக் காரணமன்று. அவ்வாறாயின் பறவையின் குரலும் விலக்கப்பட்டிருக்கும். குடிகாரர் கூட்டத்தோடு அக்கருவிகளுக்கிருந்த உறவையே காரணமாகக் காட்டினார். கருவியின் பொருளை அதனைச் சூழ்ந்த மனிதக் கூட்டுறவில் தேடும் இம்முறை, பொருள்முதல்வாதிக்கும் அந்நியமானதன்று. மறுபுறம், எவ்வித விலக்குமின்றியே றபானும் பக்கீர் பைத்தும் அருகிவருவதை நோக்க, நம் பாடல்களின் தேய்வுக்கு மார்க்கத்தை மட்டுங் காரணங் காட்டுவது மேலோட்டமானது என்பது புலனாகும். உழவு இயந்திரமும் அரிவு இயந்திரமும் வந்த வயலில் கவிக்குரிய கூட்டுழைப்பு இல்லை.

1990இன் வன்செயல்களின் பின் இப்பகுதியின் இரு சமூகத்தவரும் ஒருவர் பாட்டை மற்றவர் கேட்கும் வாய்ப்புக்கள் சுருங்கின. அதற்கு முந்திய கவிகளை மனத்திற் கொண்ட பெண்கள் இரு பக்கத்திலும் இன்னும் உளர். கருவியைக் கையிலெடுத்திருக்கும் மாணவர் முதலிற் செய்யக்கூடியது, அம்முதியவரின் குரல் எச்சுருதியில் நிற்கிறதோ அச்சுருதிக்கு நரம்புகளைத் தளர்த்துவது. யுகுலேலேயின் நரம்பு ஓரிரு சுரம் இறங்கும். அதற்குங் கீழான குரலுக்குக் கிற்றாலேலே உதவும்.